‘பூங்கா வேணுமோ?’ என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் விளையாட்டுக் கழகச் செயலாளர் கேட்ட கேள்விக்கான பதில் இது. பற்றை மூடிக் கிடக்கும் மைதானத்தைத் திருத்தி, பக்கத்திலேயே ஒரு சிறுவர் பூங்காவும் அமைக்கப் பிரதேச சபை யோசிக்கிறது. கட்டுவதற்கு எங்கிருந்தாவது காசு வந்துவிடும். பிறகு வருடா வருடம் பராமரிக்க மக்களும் ஏதாவது தர வேண்டியிருக்கும். பொதுக்கூட்டம் வைத்துக் கேட்டபோது வந்திருந்த எல்லோரும் கை தூக்கிவிட்டார்களாம். அது போதுமா, இல்லை முறையாகக் கருத்துக் கேட்க வேண்டுமா, கேட்பதென்றால் எப்படி?

போதாது. கூட்டத்துக்கு வந்தவர்கள் பூங்கா வேண்டும் என்பதற்காகவே வந்தவர்கள். வேண்டாம் என்று நினைப்பவர் அன்றைக்கு வயலிலோ கடலிலோ மேசன் வேலையிலோ நின்றிருப்பார். வந்தவர்களிலும், தவிசாளரும் கிராம அலுவலரும் முன்வரிசையில் இருக்கும்போது கையைக் கீழே வைத்திருக்க யாருக்கு மனம் வரும்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று, முல்லைத்தீவும் அடங்கிய இந்த வன்னிக்கே உரியது. போருக்குப் பிறகு மீள்குடியேற்றம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் சனம் நிரப்பாத படிவம் இல்லை. கூடாரத்துக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, கிணற்றுக்கு, மலசலகூடத்துக்கு, கோழிக்கு, தையல் மெஷினுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் கோப்போடு வந்தார்கள். அதில் ஊர் ஒரு பாடம் படித்துவிட்டது. யாராவது எழுதிக்கொண்டு போனால் பின்னால் ஏதாவது வரக்கூடும், ‘இல்லை’ என்று சொன்னால் அது நமக்கு வராமல் போகும். ஆகவே ‘வேணும்’ என்ற பதில் எப்போதும் ஊதிப் பெருத்திருக்கும். இதற்கு நேர் எதிராக, ‘எவ்வளவு தரமுடியும்’ என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். 2023இல் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. வீட்டில் என்ன இருக்கிறது, என்ன வருமானம் என்று கேட்டுத்தான் அந்தக் கொடுப்பனவைத் தீர்மானிக்கிறார்கள். மாதம் 200 ரூபாய் தரலாம் என்று உங்களிடம் சொன்னால் அது எங்காவது பதிவாகி அஸ்வெசும வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இப்படிப் பூங்காவைப் பற்றிக் கேட்கப் போனபோது, படலையில் நின்றபடி ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, இதை எழுதிக்கொண்டு போய் ஆரிட்டக் குடுப்பியள்? எங்கட பேர் வருமோ?” அவர் பூங்காவைப் பற்றி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் யாரும் வீடு வீடாகப் போகக்கூடாது. படிவத்தில் பெயர் எழுதாதீர்கள், அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள், வருமானத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். இது எந்த உதவிக்குமான பதிவு இல்லை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கிராம அலுவலரையோ சமுர்த்தி உத்தியோகத்தரையோ கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். போனால் நீங்கள் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த மாதிரிக் கருத்துக் கணிப்பு அமெரிக்காவில் நன்றாக வளர்ந்த ஒரு துறை. அங்கே பல ஊர்களில் பூங்காவுக்கு வரி போடுவதென்றால் வாக்குச்சீட்டிலேயே கேட்பார்கள். சியாட்டில் நகரத்தில் 2014 ஓகஸ்டில் அப்படி வாக்கெடுத்துத்தான் பூங்காக்களுக்கென்றே தனி வரி வாங்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதனால் அங்கே முன்கூட்டி எடுக்கும் கணிப்புக்கு ஒரு தெளிவான வேலை உண்டு: வாக்கெடுப்பில் இது வெல்லுமா, எவ்வளவு தொகை கேட்டால் வெல்லும்? நமக்கு அந்த வழி கிடையாது. இலங்கை முழுவதற்குமே இதுவரை நடந்தது ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு, 1982 டிசம்பரில், பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்க. ஊர் மட்டத்தில் வரிக்கு வாக்களிக்கும் ஏற்பாடே இல்லை. ஆக நீங்கள் தேட வேண்டியது வாக்கை இல்லை. இந்தச் சனம் மூன்றாம் வருடமும் காசு தருமா, புல்லு வெட்ட வருமா, ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யாருக்காவது சொல்லுமா என்பதைத்தான் அறிய வேண்டும். தொண்டு நிறுவனங்கள் போட்டுத் தந்த சறுக்குகள் துருப்பிடித்து ஓட்டை விழுந்து நிற்கும் முன்பள்ளி வளவுகள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவை கட்டும்போதும் எல்லோரும் கை தூக்கினவர்கள்தான்.

கேட்கப் போகுமுன் சபையிடமிருந்து மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, காணி யாருடையது. வன்னியில் ‘பொதுக்காணி’ என்று ஊர் நினைத்துக்கொண்டிருப்பது வனவளத் திணைக்களத்தின் வரைபடத்துக்குள் இருக்கலாம், குளத்தின் ஒதுக்குப் பகுதியாக இருக்கலாம். சிறு குளமென்றால், அதாவது 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட நிலத்துக்கு நீர் பாய்ச்சுகிற குளமென்றால், கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்பும் சம்மதிக்காமல் அங்கே ஒரு வாங்குகூடப் போடமுடியாது. குளக்கரையில் பூங்கா என்றால் பார்க்க அழகுதான். கமக்காரர் அதைக் கேட்டதும் முதலில் நினைப்பது குளத்தை நிரவப் போகிறார்கள் என்று. காணி தெளிவில்லாமல் ஆதரவு கேட்டால், வரும் எதிர்ப்பு பூங்காவுக்கா காணிக்கா என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

இரண்டாவது, வருடச் செலவு. கட்டுமானச் செலவைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அது மாகாண சபை நிதியாலோ, வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கத்தாலோ வரும். நம்மவர்கள் திறப்பு விழாவில் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய எதற்கும் தாராளமாகத் தருவார்கள். காவலாளி சம்பளம், மின்கட்டணம், புல்லு வெட்டும் மெஷினுக்கு எண்ணெய், இவற்றுக்குப் பெயர்ப்பலகை இல்லையே. இந்தத் தொகையை மாதக் கணக்காக்கி, எத்தனை குடும்பம் என்று பிரித்து, ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எந்த வழியால் வாங்கப் போகிறார்கள். ‘வரியைக் கூட்டலாமா’ என்று கேட்பதாகச் சிலர் திட்டம் போடுகிறார்கள். ஆனால் பிரதேச சபை ஆதனவரி, அதாவது வீடு, கடை, காணிக்கான வரி, வாங்குவது அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனப்படுத்திய இடங்களில்தான். சந்தியை அண்டிய கடைகளும் வீடுகளும் கட்டும், உள்ளே இருக்கும் கிராமங்கள் பல அந்த வரியையே கண்டதில்லை. கட்டாத வரியைக் கூட்டலாமா என்று கேட்டால் எல்லோரும் ஓம் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படியான இடத்தில் மிச்சம் இருக்கும் வழிகள் இவ்வளவுதான்: பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம், மைதானத்தை விழாக்களுக்கு வாடகைக்கு விடுவது, சனசமூக நிலையத்தின் மூலம் மாதச் சந்தா, அல்லது சபை ஏற்கெனவே வேறு எதற்கோ செலவழிக்கும் காசை இதற்குத் திருப்புவது. கடைசி வழிக்கும் ஆதரவு கேட்டேயாக வேண்டும். யாரும் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தரவில்லை என்பதற்காக அது இலவசமாகிவிடாது. அந்த வருடம் ஏதோ ஒரு ஒழுங்கைக்குக் கிரவல் விழாது.

இனிக் கேள்விக்கு வருவோம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் எண்ணெய்க் கப்பல் மோதிக் கடல் நாசமான பிறகு, காசு கொடுத்து வாங்காத ஒன்றுக்கு மக்கள் எவ்வளவு பெறுமதி வைக்கிறார்கள் என்பதை எப்படிக் கேட்பது என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. பொருளியலாளர்கள் கென்னத் அரோவும் ரொபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய குழு 1993இல் சொன்ன ஆலோசனைகள் இன்றும் பொருந்துகின்றன. ‘எவ்வளவு தருவீர்கள்’ என்று திறந்த கேள்வி கேட்காதே, ஒரு தொகையைச் சொல்லி ஆம் இல்லை கேள். அந்தக் காசு போனால் வேறு செலவுக்குக் குறையும் என்று நினைவூட்டு. இதற்கு மாற்றாக வேறு என்ன இருக்கிறது என்றும் சொல்லு.

நம்முடைய பேச்சில் அதை இப்படிக் கேட்கலாம்:

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற மைதானத்தைத் திருத்தி, சின்னப்பிள்ளையளுக்கு விளையாட இடமும் போட்டு, ஒரு காவலாளியும் வைக்கிறதாக் கதைக்கினம். அதுக்கு ஒவ்வொரு வீடும் சனசமூக நிலையத்துக்கு மாதம் 100 ரூபாய் தரவேணும். சில வீட்டுக்காரர் தரலாம் எண்டினம், சில பேர் அந்தக் காசுக்கு வேற தேவை இருக்கு எண்டினம், ரெண்டும் நியாயம்தான். உங்கட வீட்டுச் செலவை யோசிச்சுச் சொல்லுங்கோ, நீங்கள் தருவியளோ, மாட்டியளோ?”

‘ரெண்டும் நியாயம்தான்’ என்ற இரண்டு சொல்லை வெட்டிவிடாதீர்கள். இல்லை என்று சொல்ல வாசலைத் திறந்துவிடுவது அதுதான். ஓம் என்றவரிடம் மட்டும் அடுத்து ஒன்று: “நிச்சயமாவோ, இல்லாட்டிப் பாத்துச் செய்யலாம் எண்டோ?” கணக்கில் நிச்சயம் என்றவர்களை மட்டும் ஆதரவாக எடுங்கள். வாயால் சொல்லும் ஆதரவு காசு கட்டும் நாளில் குறையும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். இந்த ஒரு கேள்வி அதில் ஒரு பங்கைச் சரிசெய்துவிடும். மாட்டேன் என்றவரிடம் ஏன் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். ‘காசில்லை’, ‘சபையில் நம்பிக்கை இல்லை’, ‘எனக்குத் தேவையில்லை’ இந்த மூன்றும் மூன்று வேறு பதில்கள். இரண்டாவதுதான் கூடுதலாக வந்தால், பிரச்சினை பூங்காவில் இல்லை. 2023 மார்ச்சில் கலைந்த சபைகள் 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் மறுபடி கூடின. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல், தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல், சபைகளின் செயலாளர்களே நடத்தினார்கள். அந்த இடைவெளியில் சபை என்றால் என்னவென்றே மறந்துபோனவர்களும் இருக்கிறார்கள்.

தனியே பூங்காவைப் பற்றி மட்டும் கேட்டால் அது பெரிதாகத் தெரியும். அதற்குப் புளியங்கொட்டை நல்ல மருந்து. ஒரு தாளில் வீதி, தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மைதானமும் பூங்காவும் என்று ஐந்து கட்டம் வரைந்து, படமும் போட்டுவிடுங்கள். பத்துக் கொட்டையைக் கையில் கொடுத்து, சபையிடம் இருக்கிற காசு இவ்வளவுதான், எதெதற்கு எவ்வளவு வைப்பீர்கள் என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்வார், விருப்பமாகவும் செய்வார். ஒரு ஆச்சி ஆறை வீதியில் வைத்தார், மூன்றைத் தண்ணீரில். கடைசி ஒன்றை விளக்குக்கும் பூங்காவுக்கும் நடுவே கோட்டின் மேல் வைத்துவிட்டு, “ரெண்டுக்கும்தான், லைற் இல்லாமல் பின்னேரம் ஆர் பிள்ளையை விடுறது?” என்றார். அந்த ஊருக்குக் காட்டு யானை வரும். மைதானத்துக்கு விளக்குப் போடும் யோசனை அதுவரை திட்டத்தில் இருக்கவில்லை.

எத்தனை வீட்டில் கேட்பது? இங்கேதான் எல்லோரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 400 குடும்பம் உள்ள ஒரு கிராம அலுவலர் பிரிவில், 10 வீதம் முன்பின் வித்தியாசம் பரவாயில்லை என்றால் 78 வீடு போதும். 5 வீதத்துக்குள் வேண்டுமென்றால் 196 வீடு. 5,000 குடும்பம் உள்ள முழுச் சபைப் பரப்புக்கும் அதே 10 வீதத்துக்கு 94 வீடுதான் வேண்டும், 5 வீதத்துக்கு 357. நூற்றுக்கு தொண்ணூற்றைந்து முறை அந்த எல்லைக்குள் நிற்கும் என்ற வழக்கமான கணக்கு இது. ஊர் பெரிதானால் மாதிரி அதே அளவுக்குப் பெரிதாக வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கணக்கு வீடுகளைக் குருட்டுச் சீட்டாக எடுத்தால் மட்டுமே செல்லும். தெரிந்த வீடு, தார் றோட்டுக்குக் கிட்டின வீடு, நாய் இல்லாத வீடு என்று பொறுக்கினால் ஆயிரம் வீட்டில் கேட்டும் பயனில்லை. குடும்பப் பட்டியலை வைத்து, ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு சீட்டை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு ஐந்தாவது வீடாகப் போங்கள். வாக்காளர் இடாப்பை நம்ப வேண்டாம். ஊரில் பதிந்துவிட்டு வவுனியாவிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் அதில் இருப்பார்கள், புதிதாக வந்து குடியிருப்பவர்கள் இருக்கமாட்டார்கள். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாமல், அதே வீட்டுக்குத் திரும்பப் போங்கள்.

ஒரு தொகைக்குப் பதிலாக இரண்டு தொகை, 50ம் 100ம், பாதிப் பாதி வீடுகளில் கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த விலையில் ஆதரவு விழுகிறது என்று தெரியும். மூன்று நான்கு தொகையாக உடைக்க ஆசைப்படாதீர்கள், 78 வீட்டில் அது ஒன்றையும் காட்டாது. இரண்டாக உடைத்தாலும் 150 வீடாவது இருக்கட்டும்.

கேட்பவர் கழகத்து ஆளாக இருக்கக்கூடாது. நீங்கள் போய்க் கேட்டால் உங்கள் முகத்துக்காகவே ஓம் சொல்வார்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலோ படிக்கிற பிள்ளைகள், அதுவும் வேறு ஊர்ப் பிள்ளைகள் கிடைத்தால் நல்லது. பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வீட்டில் மனிசி பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது திண்ணையிலிருந்து மனிசன் ‘ஓம் எண்டு போடுங்கோ’ என்று குரல் கொடுப்பது சாதாரணம். பெண் பிள்ளை போனால் கிணற்றடியிலோ குசினியிலோ நின்று தனியாகக் கேட்கலாம். பதில் சில வேளை அப்படியே மாறும். இளந்தாரிகளுக்கு மைதானம் என்றால் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும். அம்மாமாருக்கு அங்கே பின்னேரங்களில் கூடுகிற கூட்டமும், பற்றைக்குள் கிடக்கும் வெறும் போத்தல்களும்தான் நினைவுக்கு வரும். அதே இடத்தை அவர்கள் ஆதரிப்பதும் எதிர்ப்பதும் வேலி, விளக்கு, காவலாளி, பெண்களுக்கென்று ஒரு மலசலகூடம் என்ற நான்கு விஷயத்தில் நிற்கிறது.

நேரமும் காலமும் முக்கியம். காலை பத்து மணிக்குப் போனால் ஆச்சிமாரிடம் மட்டும் கேட்டுவிட்டு வருவீர்கள். பின்னேரம் ஐந்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். கடற்கரைக் கிராமங்களில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் பகலில் உறங்குவார்கள், அங்கே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு நேரத்தைத் தீர்மானியுங்கள். காலபோக வெட்டு முடிந்து நெல்லு விற்ற கையோடு கேட்டால் எல்லோரும் தாராளம், விதைப்புக்கு உழவு காசு தேடும் புரட்டாதியில் கேட்டால் எல்லோரும் இறுக்கம். எனக்கு இறுக்கமான காலத்துப் பதில்தான் பிடிக்கும். அப்போதும் தருவேன் என்றவர் பிறகும் தருவார்.

தூரத்தைக் குறிக்காமல் விடாதீர்கள். 2012 கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் 92,238 பேர்தான், அப்போது சதுர கிலோமீட்டருக்கு நாற்பது பேர்கூட இருக்கவில்லை. ஒரு வட்டாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளில் போய் வரவே பொழுது போய்விடும். மைதானத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் எண்பது வீதம் ஓம், ஐந்து கிலோமீட்டரில் இருப்பவர்கள் முப்பது வீதம் ஓம் என்று வந்தால், இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு ‘பெரும்பான்மை ஆதரவு’ என்று அறிவிப்பது சரியில்லை. அது ஒரு பூங்கா வேண்டுமா, இரண்டு மூன்று சின்ன விளையாட்டிடம் வேண்டுமா என்ற கேள்விக்கான பதில்.

வாய்ப்பேச்சோடு நிற்காமல், நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். இப்போது இருக்கிற மைதானத்துக்குப் பின்னேரம் நாலரை தொடக்கம் ஆறு மணிவரை எத்தனை பேர் வருகிறார்கள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை, சின்னவர்கள் எத்தனை, ஒரு கிழமைக்கு ஒருவர் உட்கார்ந்து எண்ணினால் போதும். சனசமூக நிலையத்தின் இப்போதைய சந்தாவை எத்தனை வீடு கட்டுகிறது? ஆதனவரி உள்ள பகுதியென்றால் நிலுவை எவ்வளவு? ஜனவரிக்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும், அதைப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது, தராவிட்டால் எழுதிக் கேளுங்கள். பிறகு மைதானத்தில் ஒரு சிரமதானம் வையுங்கள். ‘காசு தரேலாது, ஆனால் ஒரு நாள் வேலைக்கு வருவேன்’ என்றவர்கள் படிவத்தில் நிறைய இருப்பார்கள். வன்னியில் அதுவும் ஆதரவுதான், காசுக்குச் சமமாகவே எண்ண வேண்டும். ஆனால் மண்வெட்டியோடு வந்த தலைகளைத்தான் எண்ண வேண்டும்.

சபையின் பாதீடு டிசம்பரில் நிறைவேறும். வரைவு வேலை அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும், ஒக்டோபருக்குப் பிறகு மழையில் ஒழுங்கைகளுக்குள் போகவும் முடியாது. ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பரில் முடித்துவிடுங்கள். முடிவை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்: எத்தனை வீட்டில் கேட்டோம், எப்படித் தெரிந்தெடுத்தோம், கேட்ட வசனம் என்ன, நிச்சயம் ஓம் எத்தனை, தூரப்படி எப்படி, மறுத்தவர்கள் சொன்ன காரணம் என்ன. அதே தாளை சனசமூக நிலையப் பலகையிலும் ஒட்டுங்கள். கேட்டவர்களுக்கு முடிவைச் சொல்லாமல் போவதால்தான் அடுத்த முறை படலையே திறக்கமாட்டேன் என்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துச் சபை குழுக்களை அமைக்கலாம். மைதானத்துக்கு அப்படியொரு குழு கேளுங்கள். அதில் கழகத்திலிருந்து ஒருவர் போதும். மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் இருக்கட்டும், ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ‘மாட்டேன்’ என்று சொன்ன வீடுகளிலிருந்தும் ஒருவரை எடுங்கள்.